அளவுக்கு நின்றவள்

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்த மூன்றாவது பெட்டியையும் தரையில் கவிழ்த்தாயிற்று. கொட்டியதெல்லாம் விமானம். முன்னாலிருந்து எடுத்தது, பக்கவாட்டில் எடுத்தது, வாலை மட்டும் தனியாக எடுத்தது. முன்னறையில் அப்பா விடியற்காலையிலிருந்து கண்ணை மூடிக் கிடக்கிறார். வாசலில் ஃப்ரேம் கடைக்காரர் பைக்கை விட்டு இறங்காமல் காத்திருக்கிறார். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். தலைமாட்டில் வைக்க மனுஷனுக்கு ஒரு படம் வேண்டாமா?

"கெடச்சுதா?" கணவர் கதவருகே நின்று கேட்டார்.

"நெறைய இருக்கு. ரெக்கை வேணுமா, சக்கரம் வேணுமா, சொல்லுங்க."

அவர் வாசலுக்கே திரும்பிப் போய்விட்டார். இன்றைக்கு அவளிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

பென்ஷன் அட்டையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு படம் இருக்கத்தான் செய்தது. ஆனால் முத்திரை சரியாக மூக்கின் மேல் விழுந்திருந்தது. மகளின் கல்யாண ஆல்பத்தில் அப்பா நாலு இடத்தில் வருகிறார். நாலிலும் கேமராவை மறைக்கிற உள்ளங்கைதான். அடையாள அட்டை அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஊராருடைய முகத்தையெல்லாம் சரிபார்த்து ஒட்டியவள் அவள். சொந்த அப்பாவுக்கு ஒரு முகம் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

போர் முடிந்த பிறகு அந்த விமானத் தளத்தில் மிஞ்சிய விமானங்களைப் படமெடுப்பதுதான் அப்பாவின் உத்தியோகம். தார் இளகுகிற வெயிலிலும், இறக்கைக்கு அடியில் புல் முளைத்துவிடுகிற மழையிலும் ஒவ்வொன்றாக எடுப்பார். எது இன்னும் பறக்கும், எதை உடைத்துப் போடலாம் என்று மேலே இருப்பவர்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். அடிபட்ட இடம் எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அடியும் அங்குலமும் குறித்த ஒரு கோலை நிறுத்துவார். தளத்தை மூடிய அன்று அவனவன் நாற்காலி, விசிறி என்று கையில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோனான். அப்பா இந்தப் பெட்டிகளையும் அந்தக் கோலையும் கொண்டுவந்தார். கோல் இன்னும் அறை மூலையில் நிற்கிறது. சின்ன வயதில் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்று பார்க்க அவள் ஒரு தடவை அதன் பக்கத்தில் போய் நின்றாள். "வெளையாட்டுச் சாமான் இல்ல அது, தள்ளிப் போ" என்றார்.

அம்மா இறந்துபோனபோது அவளுக்கு ஆறு வயது. கை ஞாபகமிருக்கிறது, வளையல் சத்தம் ஞாபகமிருக்கிறது, முகம் மட்டும் எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் வராது. பத்து வயதில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டாள். படங்களை எண் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"உங்கம்மாவ நான் படம் எடுத்ததில்ல."

அப்பா பொய் சொல்ல மாட்டார். அவரைப் பற்றி ஊரார் சொல்கிற ஒரே நல்ல வார்த்தையும் அதுதான். அதனால் அவள் மறுபடி கேட்கவில்லை.

இப்போது கையில் வந்த படத்தைத் தள்ளிவைக்கப் போனவள் நின்றாள். பெரிய சரக்கு விமானம். இறக்கையின் நுனி கிழிந்து தொங்குகிறது. கிழிசலுக்குக் கீழே, கைகளை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, ஒரு பெண். அந்த நெற்றியை அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள்.

படத்தைத் திருப்பினாள். பென்சிலில், அழுத்தமான கையெழுத்து: எண் 417. இடது இறக்கை. அளவுக்கு: பெண், 5 அடி 1.

அதற்குப் பிறகு தேடியது அப்பாவை அல்ல. பதினொரு படங்கள் கிடைத்தன. சக்கரத்தின் பக்கத்தில், வாலுக்குக் கீழே, திறந்து கிடந்த கதவுக்கு முன்னால். எல்லாவற்றின் பின்னாலும் அதே ஐந்தடி ஒன்று. பெயர் எதிலும் இல்லை.

படங்களை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அப்பாவின் காலடியில் நாற்காலி போட்டு பெட்ரோல் மாமா உட்கார்ந்திருந்தார். தளத்தில் விமானத்துக்குப் பெட்ரோல் நிரப்புகிற லாரியை ஓட்டியவர். அப்பாவோடு கூட இருந்தவர்களில் மிச்சம் அவர் ஒருவர்தான். படங்களை அவர் மடியில் வைத்தாள்.

"இது யாரு மாமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துடைத்ததில் அவசரமில்லை.

"உங்கம்மா."

"இங்க எதுக்கு நிக்கிறாங்க?"

"கோல் முறிஞ்சு போச்சு பாப்பா. என் லாரிதான் ஏறிடுச்சு. புதுசு வர ஏழெட்டு மாசம் ஆச்சு. உங்கம்மா மத்தியானம் சாப்பாடு எடுத்துட்டு வருவா. 'அப்படியே போய் அந்த ரெக்கை பக்கத்துல நில்லு'ம்பான்."

"எதுக்குன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா எப்போதும் போலப் பேசாமல் இருந்தார்.

"பவுடர் பூசிட்டு வருவா. இருந்தது நாலே புடவை. ஒருநாள் கட்டினத மறுநாள் கட்ட மாட்டா. புருஷன் தன்னைப் படம் புடிக்கிறான்னு நெனச்சுக்கிட்டிருந்தா. எங்க எல்லாருக்கும் தெரியும். சொல்ல யாருக்கும் மனசு வரல."

"புதுக் கோல் வந்த பிறகு?"

"அதுக்கப்புறமும் ஒரு வாரம் பவுடரோடதான் வந்தா" என்றார் மாமா. பிறகு, கேட்காத கேள்விக்கும் சேர்த்து, "என் லாரி ஏறாம இருந்திருந்தா இதுவும் கெடச்சிருக்காது" என்றார்.

இத்தனை வருஷமும் கட்டிலுக்கு அடியில், கையெட்டும் தூரத்தில் அம்மா இருந்திருக்கிறாள். அப்பா ஒளித்துக்கூட வைக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவர் எடுத்தது 417-ஐத்தான். பொய் சொல்லியிருந்தாலாவது, நினைக்கவே முடியாமல் மறைத்தார் பாவம் என்று இன்றைக்கு அழுதிருக்கலாம். அழுகை வரவில்லை. படுத்திருக்கிற மனிதரை எழுப்பி உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

பதினொன்றில் ஒன்றில்தான் அம்மா நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். அதில் ஒரு கோளாறும் இருந்தது. சூரியன் எடுத்தவரின் முதுகுப் பக்கம் இருந்திருக்க வேண்டும். கேமராவைத் தூக்கிப் பிடித்த ஒரு ஆளின் நிழல் தரையில் நீண்டு அம்மாவின் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்னால், அளவுக்கு அடியில், கூடுதலாக ஒரு வரி: நிழல் விழுந்துவிட்டது. உதவாது.

வீடு முழுக்க அப்பாவின் படம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஃப்ரேம் கடைக்காரரை உள்ளே கூப்பிட்டாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஐயா எங்கம்மா?"

"அந்த நிழல்."

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தொழில்காரர். "அப்படியே போட்டுடவா?"

"இந்தம்மாவ மட்டும் தனியா வெட்டி எடுத்துக் குடுங்க. மீதிய ஃப்ரேம் போடுங்க."

"மீதில ஓட்டை விழுமே."

"விழட்டும்."

"வேணும்னா பின்னால ஒரு கறுப்பு அட்டை வச்சு..."

"வேணாம். ஓட்டை ஓட்டையாவே தெரியட்டும்."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெட்ரோல் மாமா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். கடைக்காரர் அப்பாவின் மேஜையிலேயே படத்தை வைத்து, இரும்பு ஸ்கேலைப் பிடித்து, பிளேடை நாலு தடவை இழுத்தார். அம்மா ஒரு சீட்டுக்கட்டு அட்டை அளவுக்குக் கழன்று வந்தாள்.

கணவரின் போன் அடித்தது. சவப்பெட்டி செய்கிறவர். "உயரம் கேக்கிறாரு" என்றார் கணவர். "அஞ்சரை சொல்லிடவா?"

யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் உயரம் பதினொரு இடத்தில் எழுதியிருந்தது. இவரை யாரும் அளந்ததில்லை.

அவள் உள்ளே போய்க் கோலைக் கொண்டுவந்து அப்பாவின் பக்கத்தில், தோளோடு ஒட்டிப் படுக்கவைத்தாள். பெட்ரோல் மாமா எழுந்து வந்து குதிகாலோடு கோலின் அடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் தலைப்பக்கம் குனிந்து பார்த்தாள்.

"அஞ்சு ஏழு."

கணவர் போனில் அதையே சொன்னார். தலைமாட்டில் ஃப்ரேமைச் சாய்த்து வைத்தார்கள். விமானமும் நிழலும் இருந்தன. நடுவில் ஒரு செவ்வகம், அதற்குப் பின்னால் வெறும் பலகை.

"கோல எடுத்துடவா?" கணவர் கேட்டார்.

"இருக்கட்டும். அதுவும் கூடவே போகட்டும்."

மேஜை இழுப்பறையில் அப்பாவின் பென்சில்கள் சீவியபடி இருந்தன. ஓரத்தில் பாதி தேய்ந்த ரப்பரும் இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வெட்டியதில் மற்ற எழுத்தெல்லாம் ஃப்ரேமோடு போய்விட்டது. இதில் மிஞ்சியது "5 அடி 1" மட்டும். அதை அழிக்க ஆரம்பித்தாள். வாசலில் வண்டி வந்து நின்றதும் கணவர் வந்து கூப்பிட்டார். அவள் தூளை ஊதிவிட்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கரி போயிருந்தது. அப்பா அழுத்தி எழுதுகிறவர். எண் பள்ளமாக அப்படியே இருந்தது.