வாடகைக் குரல்

ஒலிப்பதிவாளருடைய மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடைபெறுவதற்கு முன்னரே அவளது குரல் பத்திரப்படுத்தப்பட்டுவிட்டது. பேசும் மென்பொருள் அந்நாளில் அட்டைப்பெட்டிக்குள் குறுவட்டாக விற்கப்பட்டது. ஒருமுறை வாங்கினால் போதும். பீரோவைப் போல அதுவும் வீட்டுச் சொத்து.

தொழிலில் அவர் கறார்ப் பேர்வழி. எந்தப் பதிவிலும் மூச்சொலியை வெட்டமாட்டார். ஆகவே, அவள் வாசித்த வாக்கியங்களோடு அவள் சிரித்தது, அலுத்துக்கொண்டது, காதில் எந்நேரமும் பஞ்சு வைத்திருக்கும் தம்மைப் 'பஞ்சுமூட்டை' என்று கேலி செய்தது ஆகிய அனைத்தையும் அப்படியே உள்ளே ஏற்றினார். அறுவை சிகிச்சையில் பேச்சு போனபின் அவள் தட்டச்சு செய்ய, கணினி அவள் குரலிலேயே வாயாடியது. வீடு பழையபடி கலகலத்தது.

ஒருநாள் காலை, அவர் பாதி சவரத்தில் இருந்தபோது, மென்பொருளைப் புதுப்பிக்கலாமா என்று கணினித் திரை கேட்டது. படிக்காமலேயே சோப்பு விரலால் 'சம்மதம்' என்பதை அழுத்தினார். அன்றுமுதல் அவள் குரல், மென்பொருள் நிறுவனத்தின் கணினிக்குக் குடிபெயர்ந்தது. மாதச் சந்தா கேட்டது.

"என் வாயத் தொறக்க நான் எதுக்குங்க வாடகை கட்டணும்? நிறுத்துங்க!" என்று மனைவி தட்டினாள். அந்த வீட்டில் ஒலித்த அவளது கடைசி வாக்கியம் அதுவே.

அவர் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அது என் பொண்டாட்டி குரல்மா."

"சந்தேகமே இல்ல சார். ரொம்ப நல்ல குரல்," என்றாள் அலுவலகப் பெண், குழைவாக. "நீங்க நிறுத்தினாலும் அது சும்மா இருக்காது சார். கவலைப்படாதீங்க."

கவலைப்படாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை.

வீட்டில் கரண்டியின் ஆட்சி தொடங்கியது. அவள் அதனால் மேசையில் ஒருமுறை தட்டினால் 'வாங்க'. இரண்டு முறை தட்டினால் 'போதும், நிறுத்துங்க'.

மழை பெய்த ஒரு மாலையில் அவர் மருந்துக்கடையில் சீட்டெடுத்துக் காத்திருந்தார். சுவரிலிருந்த ஒலிபெருக்கி மூச்சை இழுத்தது. அவர் வெட்டாமல் விட்ட அவள் மூச்சு அது.

"பதினேழு, வாங்க."

மாத்திரையை வாங்கிக்கொண்டு அவர் வாசலை அடைந்தபோது மீண்டும் அதே மூச்சு. "ஏங்க பஞ்சுமூட்டை, குடைய மறந்துட்டீங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரோ திகைத்தார். "எண்ணு மட்டும்தான் சார் சொல்லும்," என்று ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்.

அதன்பின் அவர் தினந்தோறும் போனார். இருமல் மாத்திரை வீட்டில் குவிந்தது. 'இருமுறது யாரு?' என்று மனைவி ஒரு தாளில் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். உண்மையைச் சொல்லாமல் தப்ப முடியவில்லை. கேட்டு முடித்தவள் கரண்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். தன்னுடையதைத் திரும்பக் கேட்கப் போகிறவளின் முகம் அது.

கடையில் அவளே சீட்டெடுத்தாள். இருவரும் பெஞ்சில் அமர்ந்தார்கள். அவர் காதுகளிலிருந்து பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் வைத்ததை அவள் கவனித்தாள். வீட்டில் அவளுக்காக அவர் அதை ஒருநாளும் எடுத்ததில்லை.

ஒலிபெருக்கி எண்களை அழைக்க, அவளுடைய உதடுகளும் அசைந்தன. குரலை அவள்தான் எழுப்புகிறாள் என்று ஒரு கணம் அவர் நம்பினார். பிறகு அவளது எண் வந்தது. அவள் எழுந்தாள்; சீட்டை உயர்த்திக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காண்பித்தாள்.

ஒலிபெருக்கி நீளமாக மூச்சை இழுத்தது.

"நீ உக்காரு. இனிமே அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவளது உதடுகள் அசையவில்லை.

"சரிம்மா," என்றார் ஒலிப்பதிவாளர், சுவரைப் பார்த்து.

மனைவி கரண்டியை எடுத்துப் பெஞ்சில் இரண்டு முறை தட்டினாள். மறுபடியும் இரண்டு முறை தட்டினாள். பஞ்சில்லாத காதுகளைச் சாய்த்தபடி, அவர் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்.