தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

...போகலாம்தான், போனால் அக்கரை, அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்து டீக்கடையின் நீலத் தார்ப்பாய்கூடத் தெரிகிறது, ஆனால் நான் போகப்போவதில்லை. வேனைப் பின்னால் எடுத்து மேட்டில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, சாவியையும் உருவிவிட்டேன். இங்கே வெறும் தூறல்தான், அதுதான் ஆளை ஏமாற்றும், மேற்கே மலை கறுத்துக் கிடக்கிறதே, அங்கே கொட்டுவது இங்கே வந்து சேர எவ்வளவு நேரமாகும்? தரைப்பாலத்தின் மேல் காபி நிறத்தில் தண்ணீர். ரோட்டின் ஓரம் இருக்கும் வரைக்கும் நுரை வரிசையாக விழும், நுரை எங்கே விழுகிறதோ அங்கே ரோடு இருக்கிறது, இந்தத் தடத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். இப்போது நடுவில் வேன் அகலத்துக்கு நுரையே இல்லை. பின்சீட்டில் தச்சர், உளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "மத்தியானம் டிராக்டர் போச்சே, நாம என்ன கப்பலா ஓட்டப்போறோம்?" என்றார். கப்பல் என்றால்கூடப் பரவாயில்லை அண்ணே, மிதப்பதற்கென்றே செய்தது, இந்த வேன் மிதந்தால் ஸ்டீயரிங் யார் கையில்? மத்தியானத் தண்ணீர் வேறு, இது வேறு. "இறங்கி நடந்துடறேன், முழங்கால் அளவுதான்" என்று அவர் எழுந்தபோது, "முழங்கால் போதும், ஆளைச் சாய்க்க. உட்காருங்க" என்றேன். முணுமுணுத்தார், உட்கார்ந்தார்.

பக்கத்து சீட்டில் என் நாத்தனார். அவள் முணுமுணுக்கவில்லை, அதுதான் கஷ்டம். "புள்ள தனியா இருக்கா அண்ணி" என்று மட்டும் சொன்னாள். வாய்க்கால் தெரு, தரைத்தளம், வேலை முடிந்து அம்மா வருவாள் என்று காத்திருக்கும் பிள்ளை... எனக்குத் தெரியாதா, தூக்கி வளர்த்ததில் பாதி நான். போனை வாங்கி நானே பேசினேன். "அத்தை, வாசல்படி வரைக்கும் வந்துடுச்சு." உள்ளே வந்ததா? இல்லை. கை ஈரமா? இல்லை. "அப்ப மெயினை அணை, வீட்டுக்குள்ள இருக்கிற படியில ஏறி மேல் வீட்டு டீச்சர்கிட்ட போயிடு. எதையும் எடுக்காதே." "பூனை, அத்தை?" "அது உனக்கு முன்னாடியே ஏறியிருக்கும், போ." என் குரல் நடுங்கவேயில்லை. அதற்குப் பிறகு போன் போகவில்லை. நாத்தனார் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. நான் அவள் முறைப்பைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். ஒரு முழு வாழைமரம் குலையோடு வந்தது, பாலத்தைத் தாண்டியதும் உள்ளே போனது, அப்புறம் வரவில்லை.

இருட்டுவதற்குள் வடிந்தது. ரோடு முழுசாகத்தான் இருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய அடிமரம் நடுவில் தண்ணீருக்கடியில் ஒண்டிக்கொண்டு நுரை விழாமல் தடுத்திருக்கிறது. "அப்பவே போயிருக்கலாம்" என்றார் தச்சர், சிரித்தபடி. சிரிக்கட்டும், ரோடு இருந்துவிட்டதால் நான் நின்றது தப்பாகிவிடுமா? அந்த அடிமரத்தில் வேன் முட்டியிருந்தால்? நாளைக்கும் நிற்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர் முழுக்க இறங்கி, ஆட்கள் மரத்தைத் தள்ளிவிட்ட பிறகுதான் கியரைப் போட்டேன். அக்கரை ஏறியதும் நாத்தனாரின் போன் அடித்தது. டீச்சர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம், பூனையும்தான். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், அவள் ரோட்டைப் பார்த்தபடி, கோபமே இல்லாமல், "உங்க பையன் அந்தப் பக்கம் இருந்திருந்தா நின்னிருப்பீங்களா அண்ணி?" என்று கேட்டாள். "நின்னிருப்பேன்" என்றேன், உடனே. அவள் தலையாட்டினாள், நம்பிவிட்டாள். வாய்க்கால் தெருவில் அவளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது யோசிக்கிறேன்... நுரையை அவ்வளவு நேரம் பார்த்து முடிவெடுத்தவள், இதற்கு மட்டும் ஏன் ஒரு மூச்சுகூட எடுத்துக்கொள்ளவில்லை?