சப்பாணிக்கு அவுட் கிடையாது

டைல்ஸ் கடைக்குத் தொடுதிரை டேப் வந்தபோது முதலில் வேலை இழந்தது கேப்டனின் தொண்டைதான்.

அதுவரை அவர் கல்லாவில் இருந்தபடி ஒரு குரல் கொடுத்தால் போதும், பின்பக்கத்துக் குடோனில் டீ குடித்துக்கொண்டிருப்பவனும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்குவான். இப்போது கத்த வேண்டியதில்லை. ஆர்டர் டேபில் வந்து நிற்கும். அளவு, நிறம், பெட்டி எல்லாம் சரிபார்த்துப் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். அது 'டிங்' என்னும். எதிர் மேஜையில் தன் டேபோடு இருக்கும் தம்பி தலையைத் தூக்கி, "சரிண்ணே, போயாச்சு" என்பார்.

அந்த 'போயாச்சு'வைக் கேட்டால்தான் கேப்டனுக்குக் காலையில் குடித்த காப்பியே செரிக்கும்.

கேப்டன் என்பது தெருவில் ஓடிப்பிடித்து விளையாடிய காலத்துப் பெயர். ஆட்கள் பிரிப்பது, சண்டை தீர்ப்பது, சட்டம் போடுவது எல்லாம் அவர்தான். அவர் போட்ட சட்டங்களில் ஒன்று தம்பிக்காகவே போட்டது. தம்பி அப்போது பொடியன். சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெடும், விட்டுவிட்டால் அம்மாவிடம் போய் அழுவான். அதனால் ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். எவனாவது அவனைத் தொட்டு "அவுட்" என்று கத்தினால் கேப்டன் ஓடி வந்து, "சப்பாணிக்கு அவுட் கிடையாதுடா!" என்று தள்ளிவிடுவார். தம்பிக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பொடியனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. சொந்த வீடு கட்டுகிறார். குளியலறைக்கு வெறும் வெள்ளை டைல்ஸ் போதும் என்று சொல்லிவிட்டார்.

"டைல்ஸ் கடைக்காரன் வீட்டுல வெறும் வெள்ளையாடா? ஆஸ்பத்திரியா கட்டுறே?"

"என் வீட்டுக்காரிதாண்ணே கேட்டா."

கேப்டனுக்குக் குறும்பு தலைக்கேறியது. எவனும் வாங்காமல் குடோன் மூலையில் ஒரு டால்பின் டைல்ஸ் தூங்கியது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் டால்பின். தம்பியின் ஆர்டரில் வெள்ளையை எடுத்துவிட்டு டால்பினைப் போட்டு அழுத்தினார். டிங்.

"சரிண்ணே, போயாச்சு."

சாயங்காலம் கூத்தைப் பார்க்கப் புது வீட்டுக்கே போனார். தம்பி மனைவி வாசலில் நின்று கொத்தனாரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா. டைல்ஸ் மத்தியானமே வந்துடுச்சு."

"பார்த்தியாம்மா? எப்படி, சிரிக்குதா?"

"டைல்ஸ் எப்படி மாமா சிரிக்கும்?"

உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்தார். வெள்ளை. அடுத்த பெட்டி. அதுவும் வெள்ளை. டேப் ஏதோ கோளாறு பண்ணுகிறது என்று அங்கிருந்தே குடோன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"யோவ், நான் அனுப்பினது ஒண்ணு, நீ ஏத்துனது ஒண்ணா?"

"ஐயா, எங்களுக்கு உங்க டேப்ல இருந்து எதுவும் வராதே. சின்னவர் அனுப்புறதுதானே..." அந்தப் பக்கம் சட்டென்று அடங்கியது. "நான் ஒண்ணும் சொல்லலைங்கய்யா. சிக்னல் சரியில்ல."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கேப்டன் கடைக்குத் திரும்பியபோது தம்பி பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். கேப்டன் டேபை மேஜையில் வைத்தார்.

"இது பொம்மையாடா?"

தம்பி பிடித்திருந்த ஷட்டரை விட்டார். பிறகு ஷட்டர் கம்பியைப் பார்த்தபடி சொன்னார். "கத்துக்கறவங்களுக்குன்னு அதுல ஒரு ஏற்பாடு இருக்குண்ணே. அதைப் போட்டு வெச்சிருக்கேன். எல்லாம் நிஜமாட்டம் வரும். ஆனா எங்கேயும் போகாது."

"ஏன்?"

"கார் நிறுத்துற இடத்துக்குச் சொரசொரப்பு கேட்டாரே ஒருத்தர். நீங்க பளபளப்பை அனுப்பிட்டீங்க. மழையில வழுக்கி விழுந்து அவருக்குக் கால் முறிஞ்சிருச்சு."

"நானா?"

"நீங்களும் நானும்தாண்ணே போய்ப் பார்த்துட்டு வந்தோம். பழம் வாங்கிட்டுப் போனோம்."

கேப்டன் நினைவுக்குள் எவ்வளவு துழாவிப் பார்த்தாலும் அந்த ஆள் இல்லை, கட்டுப் போட்ட கால் இல்லை, பழமும் இல்லை. தெருவும் பொடியனும் மட்டும் பளிச்சென்று நின்றார்கள்.

"வீட்டுல இருங்கன்னு சொல்லியிருக்கலாமேடா."

"எப்படிண்ணே சொல்லுவேன்? சப்பாணிக்கு அவுட் கிடையாது. நீங்க போட்ட சட்டம்தானே."

கேப்டன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மார்புக்குள் ஏதோ பெட்டியோடு கீழே விழுந்து நொறுங்கியது போல இருந்தது.

"நீ எப்படா கண்டுபிடிச்சே? அந்த ஆட்டத்துல நீ கணக்குல இல்லைன்னு?"

"முதல் நாளே. நான் தொட்டா எவனும் அவுட் ஆகலையே."

"அப்புறம் ஏன்டா தினமும் வந்து அந்த ஓட்டம் ஓடினே?"

"உங்ககூட ஓடலாம்ல."

மறுநாள் கேப்டன் கடைக்கு எதிரே வந்து நின்றுவிட்டார். கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. தம்பி அவருடைய டேபைச் சட்டை நுனியால் துடைத்துச் சார்ஜில் போட்டார். நாற்காலியை இழுத்து நேராக வைத்தார். வாசலைப் பார்த்தார். மறுபடியும் நாற்காலியை நேராக்கினார்.

கேப்டன் தெருவைக் கடந்து உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஆர்டர் வந்தது. அளவைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், பெட்டியை எண்ணினார். இன்னொரு தடவையும் பார்த்தார். அழுத்தினார். டிங்.

எதிர் மேஜை சும்மா இருந்தது.

"என்னடா, போயாச்சா?"

"போ... போயாச்சுண்ணே."

சொல்லிக்கொண்டே தம்பி விரலால் தன் டேபை ஒரு முறை தொட்டதைக் கேப்டன் முதல் தடவையாகப் பார்த்தார். நிஜ ஆர்டர் போவது அதிலிருந்துதான். ஆனால் சத்தமே வரவில்லை. சத்தத்தை எப்போதோ அணைத்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

அடுத்த ஆர்டர் வந்து நின்றது. கண்ணில் நீர் கட்டி எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. சொரசொரப்பா பளபளப்பா, வெள்ளையா டால்பினா, ஒன்றும் தெரியவில்லை.

தெரியாமலே அழுத்தினார்.

டிங்.