பச்சையாய் ஒளிர்ந்த ஒரே குழாய்

ஜிபெக்கால் ஒரு நிமிஷம்கூட ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மேஜையிலிருந்த பன்னிரண்டு குழாய்களில் கைக்கு எட்டிய அதே முதல் குழாயை மறுபடியும் எடுத்துக் குலுக்கினாள், மூடியைத் திறந்து மோந்தாள், மூடினாள். காலை எட்டு மணியிலிருந்து இதே கூத்துதான். பிஷ்கெக் நகரத்தின் அந்தப் பழைய ஆய்வுக்கூடத்தில் அவளோடு சேர்ந்து தரைப்பலகையும் முனகியது.

குழாய்களுக்குள் இருந்தது குதிரைப்பாலைப் புளிக்க வைத்துக் குமிஸ் ஆக்கும் கிருமி. குட்டிக் குதிரையின் குடலுக்குள் அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக, கடல் ஜெல்லி மீனின் ஒளிரும் மரபணுவை அந்தக் கிருமிக்குள் வைத்தவள், அவளோடு வேலை பார்க்கும் புருல். நீல விளக்கில் காட்டினால் பச்சையாய் மின்ன வேண்டும். மூன்று தடவை பார்த்தாயிற்று, இருட்டோ இருட்டு. காற்றில்லாமலே வாழும் கிருமி ஆயிற்றே என்று ஜிபெக் ஒவ்வொரு குழாயையும் மெழுகுத்தாள் சுற்றி இறுக்கித்தான் வைத்திருந்தாள். அவள் பக்கம் என்ன தப்பு? தப்பு புருல் பக்கம்தான்! மரபணுவே உள்ளே போகவில்லை, போனதாகக் கதை அளக்கிறாள்.

அதைத்தான் இன்று காலை தட்டச்சு செய்து, பெயர் போடாமல், எல்லோரும் எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஆய்வுக்கூடத் தலைவி சாய்ராவின் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தாள். புருலை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது கடைசி வரி. எஜே இரண்டு மணிக்கு வருவார். இப்போது ஒன்றே முக்கால்.

"ஏன்டி, குமிஸ் கடையிற மாதிரி அதையே போட்டு ஆட்டிக்கிட்டிருக்க?" புருல் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "குடு, பாத்துருவோம்."

இருட்டறைக்குள் போய் நீல விளக்கைப் போட்டார்கள். பதினோரு குழாய் கறுப்பு. ஒன்று மட்டும் பச்சைப்பசேல் என்று மின்னியது.

"அடியே!" புருல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ திறந்து திறந்து மூடினது இதத்தானே? காத்து! கிருமிக்கு வேண்டாம்டி, ஆனா அந்தப் பச்சை உருவாகக் காத்து வேணும். எங்க வீட்டுல யாரு உள்ள வந்தாலும் குமிஸ் பையில காத்துப்பட நாலு கடை கடைஞ்சுட்டுத்தான் உக்காரணும். அது எனக்கு ஏன்டி தோணல? கட்டுரையில உன் பேருதான் முதல்ல, ஆமா!"

ஜிபெக் கடிகாரத்தைப் பார்த்தாள், மணி இரண்டு. நடைக்கூடத்தில் எஜேயின் கதவுச் சாவி திரும்பும் சத்தம். அவள் ஓடினாள். பின்னாலேயே குழாயோடு புருலும் ஓடி வந்தாள்.

சாய்ரா எஜே கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் அந்தக் கடிதம்.

"யாரோ கதவுக்கடியில போட்டிருக்காங்க. கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டேன். புருல், இத என்னன்னு படி."

புருல் கையை நீட்டினாள். பெயரில்லாத தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

"நான் படிக்கிறேன்." ஜிபெக் தாளை வாங்கிக்கொண்டாள். "இத எழுதினது நான்தான் எஜே."

ஒரு வரி விடாமல் படித்தாள். 'ஏமாற்றுக்காரி' என்ற வார்த்தையையும் விடவில்லை. வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற கடைசி வரியையும் படித்து முடித்தாள்.

எஜே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புருல் கையிலிருந்த குழாயை மேஜை மேல் வைத்தாள்.

"மீதி பதினொன்னையும் திறக்கணும்," என்றாள், ஜிபெக்கின் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு. வேலையப் பாரு. எங்கிட்ட மட்டும் பேசாத."