முதுகு காட்டிய ஊர்

வெள்ளைப் பெயின்ட் வாளியின் மூடியை அப்துல் கபூர் பூச்சுக் கரண்டியின் பிடியால் நெம்பித் திறந்தபோது காலை ஒன்பது மணி. வியாழக்கிழமை. நாளை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மூத்த மகள் ஸகியாவுக்கென்று கட்டிய இந்த வீட்டைப் பார்க்க. இப்போதே தொடங்கி இரண்டு தரம் அடித்துவிட்டால் நாளைக்குள் காய்ந்துவிடும். இப்படியொரு கூத்து இங்கே நடந்ததென்று ஒரு குருவிக்கும் தெரியப்போவதில்லை.

எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால், அது பாலுக்கு அழுமுன் தகப்பன் கல்லுக்கு அலைய வேண்டும். வீடில்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. தகப்பன் வீடு கட்டும் மேசனாகவும் இருந்துவிட்டால் ஊர் வீடெல்லாம் எழும்பும், அவன் மகள் வீடு மட்டும் கூரை போட்டதோடு நின்றுவிடும். அப்துல் கபூரின் கதையும் அதுதான். ஏழு வருடமாகியும் கதவு நிலை வைக்கவில்லை. ஆனால் முன்கூடமான ஹோலின் இருபதடிச் சுவர் மட்டும் அவருடைய கர்வம். மூன்று நாள் தனியாக நின்று பூசிய சுவர் அது. கண்ணாடி மாதிரி வரவேண்டுமென்று மட்டப்பலகையால் திரும்பத் திரும்பத் தேய்த்துப் பூசினார்.

மூன்று மாதம் மட்டக்களப்பில் ஒரு வேலைக்குப் போய்விட்டு இன்று விடிந்ததும் வந்து பார்த்தால், அந்தச் சுவர் நிறைய ஆட்கள். கடற்கரையில் வலை இழுப்பவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், வயல் வரம்பில் வரிசையாக நடப்பவர்கள். உயர்தர வகுப்பில் சித்திரம் படிக்கும் இளைய மகள் ஸப்னாவின் வேலை. அவர் அதை முழுதாக ஒரு தரம் பார்க்கக்கூட இல்லை. உருவம், அவ்வளவுதான் கண்ணில் பட்டது. உயிருள்ளவற்றின் உருவம் இருக்கும் வீட்டுக்கு வானவர்கள் வரமாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்.

“உருவம் இரிக்கிற ஊட்டுக்குள்ள மலக்குமார் வருவாங்களா? மாப்புள்ள ஊட்டாக்கள்தான் வருவாங்களா?” என்று மனைவி ஹாஜறாவிடம் பாய்ந்தார்.

“ஏணியப் புடிச்சிட்டு நிண்டது நான்தான். எனக்கும் சேத்து ஏசுங்க” என்றாள் ஹாஜறா.

ஸப்னா அழவில்லை. சுவரோரம் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “நான் முகம் ஒண்டும் கீறல்ல வாப்பா.” சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். முகமாம், வரையவில்லையாம்; அதனால் உருவம் இல்லையாம். அவர் பிரஷை வாளிக்குள் தோய்த்தார்.

அப்போதுதான் தெருவில் ட்ரம் சத்தம் கேட்டது. கலியாண ஊர்வலம் எதுவும் வழி தவறிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். பாடசாலை பாண்ட் குழு. வெள்ளை உடுப்பும் வெள்ளைப் பர்தாவுமாகப் பெண்பிள்ளைகள் மெலோடிக்கா ஊதிக்கொண்டு, கதவில்லாத வாசலால் நேரே உள்ளே வந்தார்கள். பின்னால் அதிபர், அவருக்குப் பின்னால் பாதித் தெரு. நடுவில் கழுத்தில் மாலையோடு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஸப்னா. அப்துல் கபூர் பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பெயின்ட் அவர் குதிகாலில் சொட்டியது.

சித்திர ஆசிரியை கஜனி டீச்சர் காரைதீவுக்காரி. கையில் சட்டம் போட்ட சான்றிதழோடு முன்னால் வந்தாள்.

“ஸப்னாட வாப்பா நீங்கதானே? அகில இலங்கைச் சித்திரப் போட்டியில சுவரோவியத்துக்கு உங்கட மகள் முதலாம் இடம். நான் போட்டோ எடுத்து அனுப்பினனான். மற்றப் புள்ளைகள்ர படமெண்டா மேடைக்குக் கொண்டு வருவம். இத எப்பிடித் தூக்குற? அதான் மேடையத் தூக்கிட்டு வந்திட்டம்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சுவரைப் பார்க்கத் திரும்பினார்கள். சிரிப்பு நின்றது. ஊர்க்கூட்டம் ஒன்று இப்படி வாயடைத்து நிற்பதை அப்துல் கபூர் பெருநாள் தொழுகையில்தான் கண்டிருக்கிறார். பாண்டிருப்பிலிருந்து மரக்கறி கொண்டுவரும் செல்லத்தங்கம்தான் முதலில் வாய் திறந்தாள்.

“ஐயோ, இது என்ட கூடை! இது நான்தானே!”

அவள் காட்டிய இடத்தை அவரும் பார்த்தார். தலையில் கூடையோடு ஒரு பெண் நடந்து போகிறாள், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. முதுகுதான் தெரிகிறது. பக்கத்தில் வலைக்காரர்கள், அதுவும் முதுகு. வரம்பில் போகிறவர்கள், முதுகு. சுவரில் அறுபது பேருக்கு மேல், ஒரு முகம் இல்லை. ஊரே கடலையும் வயலையும் பார்த்துக்கொண்டு இவர்களுக்கு முதுகு காட்டி நின்றது. ஆனாலும் ஒவ்வொருவரும் இன்னார் என்று தெரிந்தது. தோள் சொன்னது, நடை சொன்னது. பதினெட்டு வயதுப் பிள்ளை இத்தனை பேரை எப்போது இப்படிப் பார்த்தாள்? ரப்பே, இது என் வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிள்ளைதானா?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஆளுக்காள் அடுத்தவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு அவர் முதுகை நான்கு பேர் சேர்ந்து காட்ட வேண்டியிருந்தது. “எனக்கு இவ்வளவு கூனா?” என்று அவர் கேட்டதும் கூட்டம் குலுங்கியது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஆயிஷா உம்மா உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் தாய். இரண்டு தெரு தள்ளி வீடு, பாண்ட் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். நாளை காட்ட வேண்டிய வெள்ளைச் சுவர் இன்று இந்தக் கோலத்தில் பிடிபட்டுவிட்டது. ஸகியாவின் காரியம் இத்தோடு முடிந்தது என்றே அப்துல் கபூர் நினைத்தார்.

ஆயிஷா உம்மா சுவரோரமாக மெல்ல நடந்து வந்தார். நடுவில் நின்றார். அங்கே ஒரு மனிதர் சைக்கிளில் ஏறப் போகிறார். ஒரு கால் மிதியில், மற்றது நிலத்தில். பின்னால் பேக்கரி ரொட்டி விற்கும் பாண் பெட்டி. இடுப்பில் கட்டிய சாரனின் நுனியை இடது கை தூக்கிப் பிடித்திருக்கிறது. போன நோன்புக்கு முந்திய நோன்பில் மவுத்தாகி மண்ணுக்குள் போன அவர் கணவர்.

“எப்ப மனே இவரப் பாத்த?” என்று ஸப்னாவைக் கேட்டார்.

“எங்களுக்கும் பாண் தாறவரு. தந்திட்டுப் போகக்குள்ள பாத்துட்டு நிப்பன்” என்றாள் ஸப்னா.

“மனிசன் ஒரு போட்டோ எடுக்க உடல்ல. ஊட்டுல அவர்ட படம் எண்டு ஒண்டும் இல்ல.” ஆயிஷா உம்மா கையை நீட்டினார், தொடவில்லை. “நாப்பது வருசம், விடியச் சுபஹு தொழுகைக்குப் பொறகு வாசல்ல நிண்டு நான் பாத்தது இதத்தான்.”

அவர் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அப்துல் கபூரின் காலடியில் சொட்டிக் கிடந்த வெள்ளையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அவர் முகத்தையும் பார்த்தார். பெயின்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“நாளைக்கி மகனையும் கூட்டிட்டு வாறன். அவனும் பாக்கோணும்” என்றார்.

அப்துல் கபூர் பிரஷை வாளிக்குள் போட்டார். பாண்ட் மறுபடி தொடங்கியது. அதிபர் சான்றிதழை வாசித்தார், மகளின் பெயரும் தன் பெயரும் சேர்ந்து காதில் விழுந்தன. ஆனால் அவர் கண்கள் சுவரில் அலைந்துகொண்டிருந்தன. ஊரெல்லாம் இருக்கிறது, மோதினார் இருக்கிறார், செல்லத்தங்கத்தின் கூடைகூட இருக்கிறது. பெற்ற தகப்பனை மறந்துவிட்டாளா? கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமலிருக்க அதைவிட நொந்தது.

ஸப்னா அதைக் கண்டுகொண்டாள். பக்கத்தில் வந்து, சுவரின் வலது கோடியை, நிலத்தோடு ஒட்டிய இடத்தைக் கண்ணால் காட்டினாள்.

அங்கே ஒருவர் குந்தியிருந்தார். காலையில் யாரோ கூலிக்காரன் என்று அவர் தாண்டிவிட்ட ஆள். இடது தோள் வலதை விடத் தாழ்ந்து, சேட்டு முதுகில் வியர்வை வரைபடமாகப் படிந்து, கையில் மட்டப்பலகை. அந்த ஆளுக்கு முன்னால் மட்டும் ஸப்னா எதையும் கீறவில்லை. அங்கே வெறும் சீமெந்துப் பூச்சு இருந்தது, அவர் மூன்று நாள் தேய்த்த அதே பூச்சு. சுவரில் இருந்தவர் அதைத்தான் பூசிக்கொண்டிருந்தார்.

அப்துல் கபூர் நன்றாகப் பார்ப்பதற்காகக் குந்தினார். இந்தச் சரிந்த தோளையா இந்தப் பிள்ளை இத்தனை நாளும் பின்னால் நின்று பார்த்தது? அவர் கை தானாகப் போய் அந்த வெறும் பூச்சில் படிந்தது.

பின்னால் பாண்ட் ஒவ்வொரு வாத்தியமாக நின்றது.

“டீச்சர்,” என்று ஒரு சின்னப் பிள்ளையின் குரல் மட்டும் கேட்டது, “அவர் ரெண்டு பேர் இரிக்காரு.”

அப்துல் கபூர் தன் இடது தோளைக் கொஞ்சம் நிமிர்த்தப் பார்த்தார். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, திரும்பாமல் குந்தியிருந்தார்.