லோரி திருப்பிய வீடு

“ஸ்டீரிங்கை இவ்ளோ திருப்புறீங்க, லோரி திரும்பவே இல்ல. அப்ப நீங்க திருப்புனது எங்க போகுது, அப்பா?” என்று ஏழு வயது ஷாமினி மேரு சாலையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த வேலாயுதத்திடம் ஒருமுறை கேட்டாள். அது எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய பழைய மணல் லோரியின் ஸ்டீரிங் நான்கு விரல் அளவுக்குச் சும்மா சுற்றும். அந்த நான்கு விரலையும் அவர் வலப்பக்கம் இழுக்கும்போதெல்லாம் கிள்ளானில் அவருக்கு எதிர்வீடான இக்னேஷியஸின் வீடு ஒரு மயிரிழை வலப்பக்கம் திரும்பும். லோரி செமினியில் ஓடினாலும் சரி, பூச்சோங்கில் ஓடினாலும் சரி. சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் லோரி எப்போதும் இடப்பக்கம்தான் ஒதுங்கும், அவரும் எப்போதும் வலப்பக்கம்தான் பிடித்து இழுப்பார். அதனால் வீடு ஒரே திசையில் போயிற்று.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு வாசல் இரும்புக் கேட்டைப் பார்த்திருந்தது. தைப்பூசத்துக்குள் வேலியோரக் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தது. ஈஸ்டர் கழிந்தபோது பெரிய கால்வாயை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் உடையாமல் வளைந்து கூடவே சென்றன. இக்னேஷியஸ் முப்பது வருடம் பஸ் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை லோரி நின்றால் வீடும் நிற்பதை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். தன் காரை வேலாயுதத்தின் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். வேலாயுதம் லோரியை அரை மணி நேரம் உறுமவிட்டுப் புகையை எதிர்வீட்டு ஜன்னலுக்கு அனுப்பினார். தீபாவளிக்கே வேலாயுதம் வீட்டுப் பலகாரத் தட்டு மூடியபடி திரும்பி வந்திருந்தது. கிறிஸ்துமஸ் கேக்கை வேலியின் மேல் எறும்புகள் தின்றன. பாதிரியார் வந்து வீட்டுக்குப் புனித நீர் தெளித்தார், இந்தப் பக்கம் லோரிச் சக்கரங்கள் எலுமிச்சம்பழங்களை நசுக்கின. ஸ்டீரிங்கின் ஆட்டம் குறையவில்லை.

“என் வீட்டை லொங்காங்ல தள்ளப் பாக்குறியா?” என்று இக்னேஷியஸ் கால்வாயைக் காட்டிக் கேட்டார்.

“உங்க வீட்டுக்குக் காலு முளைச்சா நான் என்ன செய்யறது லா, அங்கிள்? கயிறு போட்டுக் கட்டி வைங்க.”

இக்னேஷியஸின் மனைவி சாந்தமேரிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சக்கர நாற்காலியில் வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது. பின்கதவைத் திருடனுக்குப் பயந்து என்றைக்கோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆகஸ்டில் முன்வாசல் முழுவதும் கால்வாயின் மேல் வந்து நின்றது. இக்னேஷியஸ் ஜன்னல் கம்பிகளை அறுத்தார். மனைவியை ஒரு போர்வையில் சுற்றி ஜன்னல் வழியாக, கூட்டிப்போக வந்த வேன்காரரிடம் கொடுத்தார். இக்னேஷியஸுக்கு வயது அறுபத்தெட்டு. வீடு இன்னும் திரும்பினால் அந்த ஜன்னலும் கால்வாயின் மேல் வந்துவிடும்.

வேலாயுதம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிள்ளான், பூச்சோங், ஸ்ரீ கெம்பாங்கான் என்று மூன்று பட்டறைகளில் லோரியைக் காட்டினார். மூவரும், ஸ்டீரிங் சுற்றுவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டியின் தலையிலுள்ள திருகை அரைச் சுற்று இறுக்கி அனுப்பினார்கள். ஸ்டீரிங் கல்லாய்க் கனத்தது, வளைவில் திருப்பினால் தானாக நேருக்கு வர மறுத்தது, ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது. உடைத்துப்போட்ட லோரி ஒன்றிலிருந்து வேறு பெட்டி வாங்கிப் பூட்டினார். நான்கு விரல் ஐந்து விரலாயிற்று.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த கணவரிடம் சாந்தமேரி சொன்னார்: “திட்டுறதுக்குத் தெம்பு இருக்குல்ல? அந்தத் தெம்ப வெச்சு அந்த லோரிக்குக் கீழ போய்ப் பாருங்க. ஒத்த ஆளா ஸ்டீரிங்கைப் பாக்க முடியாது, மேல ஒருத்தர் ஆட்டணும்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

இக்னேஷியஸ் தன் கருவிப் பெட்டியுடன் சாலையைக் கடந்தார்.

“ஏறு மேல. நான் கீழ படுக்கிறேன்.”

“என் லோரிக்குக் கீழயா? நான் பிரேக்க விட்டுட்டா?”

“விட்டுட்டா, என் பொண்டாட்டிய வாரம் மூணு நாளு நீ தூக்கிட்டுப் போ.”

வேலாயுதம் சக்கரங்களுக்கெல்லாம் கட்டை வைத்தார். பிறகு ஏறி, சொன்னபடி ஸ்டீரிங்கை வலமும் இடமுமாக ஆட்டினார். எதிரே வீடு குலுங்கியது. சாந்தமேரி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கீழே இக்னேஷியஸ் பெட்டிக்குள் நுழையும் தண்டைப் பார்த்தார். தண்டு சுழன்ற கணமே மறுபுறம் வெளிவரும் இரும்புக் கையும் சுழன்றது, உள்ளே குறையில்லை. சக்கரங்களுக்குப் போகும் கம்பியின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார், அவற்றிலும் ஆட்டமில்லை. கடைசியாகப் பெட்டியும் லோரியின் அடிச்சட்டமும் சேரும் இடத்தில் விரலை வைத்தார். இடைவெளி திறந்து, மூடி, விரலைக் கடித்தது. ரத்தம் வந்தது.

“நிறுத்து. நாலு போல்ட்ல மூணு லூசு. பெட்டியே சட்டத்துல நடக்குது. உள்ள திருகுனானுங்க, பெட்டிய எது புடிச்சிருக்குன்னு ஒருத்தனும் பாக்கல. நீயும்தான்.”

“நானும்தான்,” என்றார் வேலாயுதம்.

தேய்ந்து நீண்டுபோன துளைகளுக்கு வளையம் அடித்து, புதுப் போல்ட் பூட்டி முடிய மாலை நாலு மணியாயிற்று. ஆட்டம் அரை விரலுக்குள் வந்தது. காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு இக்னேஷியஸ் போய்விட்டார். அதற்குப் பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வீடு நின்றது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தபால்காரர் கால்வாய்க் கரையில் நின்று கடிதங்களை எறியப் பழகிக்கொண்டார். கூகுள் வரைபடத்தில் பழைய வாசலே இருக்கிறது, யாரும் மாற்றக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேன் வந்து, சாந்தமேரியை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு, இக்னேஷியஸையும் ஏற்றிப் போயிற்று. ஷாமினி பள்ளியில் இருந்தாள். தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வேலாயுதம் அன்று காலை மணல் நடையை விட்டுவிட்டு, வழுக்காதபடி பூப்போட்ட இரும்புத் தகடு ஒன்றை எதிர்வீட்டு வாசலிலிருந்து கால்வாயின் அக்கரைக்குப் போட்டார். இரு பக்கமும் குழாயில் கைப்பிடி வைத்து, கை படும் இடங்களை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். பிறகு தள்ளுவண்டியில் ஒரு பெண்ணின் எடைக்கு மணல் நிரப்பி, பாலத்தின் மேல் வாசல்வரை மெல்லத் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். தகடு வளையவில்லை. மணலை லோரியில் கொட்டினார், தகட்டில் சிந்தியிருந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினார், வேன் வருவதற்குள் மேருவுக்குப் புறப்பட்டுப் போனார்.