மஞ்சள் வராத குழாய்

ஜாந்திராவின் ஆய்வுக்கூடத்து ஐஸ் பெட்டியில் எப்போதும் சொந்த ஊர் ஓடை மீன் இருக்கும். ரெசிஃபே நகரத்துக் கால்வாய் மீன் எவ்வளவு உலோகம் குடித்திருக்கிறது என்று சொல்வதற்கு, பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சுத்தமான மீன் வேண்டுமே. அதற்கு அவள் வேறு எங்கே போவாள்?

ஊரில் தங்கை லிந்தால்வா வயிற்றுப்பிள்ளைக்காரி. "சந்தை மீன தொடாதடி, நம்ம ஓடை மீனையே சாப்பிடு" என்று அவளுக்குச் சொன்னதும் ஜாந்திராதான்.

"தலையெல்லாம் நீ அள்ளிட்டுப் போனா நான் எதச் சாப்பிடறது, வாலையா?" என்பாள் லிந்தால்வா. மீன் தலைக் கஞ்சிக்கு உயிரை விடுபவள் அவள். ஆய்வுக்கு வேண்டியது தலைக்குள் இருக்கும் மூளைதான்; ஆனாலும் பாதித் தலைகளை அவளுக்கு விட்டுவிட்டுத்தான் ஜாந்திரா பஸ் ஏறுவாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்து ஜன்னல்களில் ஆவி படிந்து, ஊரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல இருந்தது. ஜாந்திரா ஐஸின் மேல் வைத்து மீன் மூளையை அரைத்தாள். பயற்றளவு மூளை. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சொன்னதைச் சொன்னவுடன் துடைத்துவிடும் நொதி அதற்குள் இருக்கிறது. நொதி நன்றாக இருந்தால் மருந்து விட்டதும் குழாயில் மஞ்சள் எழும். உலோகம் அதை முடக்கியிருந்தால் நிறம் வராது. துடைக்கப்படாத சொற்களோடு ஒரு மீன் எப்படி நீந்தும் என்று அவள் பல மத்தியானங்கள் யோசித்திருக்கிறாள். யோசிக்க யோசிக்கத் தூக்கம் போலக் கண் சொருகும். பச்சை நீர், அதில் ஒரே சொல் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும்.

போன வாரம் ஓடை மீனுக்கும் மஞ்சள் வரவில்லை. மருந்து பழசு என்று ஜாந்திரா புட்டியைத் திட்டினாள். இன்று புதுப் புட்டி. கூட வேலை செய்யும் ஜெனிவால்டோ, தொட்டியில் வளர்த்த மீனையும் கொண்டுவந்து வைத்தான்.

"உங்க ஊர் மகாராணி கூட எங்க தொட்டி ஏழையும் நிக்கட்டுமே" என்றான்.

மருந்து விட்டார்கள். தொட்டி மீனின் குழாயில் முந்திரிப்பழ மஞ்சள் பொங்கி வந்தது. கால்வாய் மீனுக்குக்கூட வெளிறிய மஞ்சள் வந்தது. ஓடை மீனின் குழாய் மட்டும் வெறும் தண்ணீராய் நின்றது.

ஜெனிவால்டோ கிண்டலை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஜாந்திரா உட்காரவில்லை. மிதந்துகொண்டே போவதுபோலத் தொலைபேசியிடம் போனாள்.

"லிந்தா, அடுப்புல என்ன?"

"மீன் தலைதான். உனக்கு வாசம் அடிச்சிடுச்சா?"

"கொட்டிடு. இனிமே ஓடை மீன் வேணாம். தண்ணியில ஏதோ கலந்திருக்கு. நாளைக்கே கிளம்பி வா, ரத்தம் பாத்துடலாம்."

அந்தப் பக்கம் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் வந்துடறேன்க்கா. ஆனா எங்க அக்காவே சொன்னான்னு தெருவுல இருக்கற வயித்துப்பிள்ளைக்காரிங்க அத்தன பேரையும் ஓடை மீன் திங்க வச்சது நான்தானே. அவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

ஜாந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ வர வேணாம். நான் வர்றேன். எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வை."